வெள்ளி நாணயமும் சர்க்காரின் நாணயமும்

தமிழில் ‘நாணயம்’ என்னும் சொல் இரண்டு பொருளில் வழங்குகிறது. முத்திரையிட்ட காசும் நாணயம். சொன்ன சொல் தவறாமையும் நாணயம். கடன் கேட்டு வருபவனைப் பற்றி, ‘ஆள் நாணயமானவன்தானா?’ என்று கடைவீதியில் விசாரிக்கிறோம். ராஜாங்கத்தைப் பற்றி இக்கேள்வியை நாம் கேட்பது அபூர்வம். உண்மையில் இக்கேள்வியைக் கேட்க வேண்டிய முதல் இடம் அதுவேயாகும். தனி மனிதன் நாணயம் தவறினால், அவனுக்குக் கடன் கொடுத்தவன் ஒருவனே நஷ்டமடைவான். காசு அடிக்கும் உரிமை படைத்த அரசு நாணயம் தவறினாலோ, கூலி வாங்குவோர், கிஸ்தி கட்டுவோர், பெட்டியின் அடியில் நாலு காசு சேர்த்து வைத்திருப்போர் அனைவரும் நஷ்டமடைவார்கள். அதிலும் விபரீதம் என்னவெனில், தங்கள் வீட்டில் திருட்டு நடந்தது என்பதே அவர்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், இந்நாளில் தென்காசி ஜில்லாவைச் சேர்ந்ததாக உள்ள கடையநல்லூர், தறியோசைக்குப் பெயர் பெற்ற ஊர். அவ்வூர் நெசவாளியின் கூலிக்கும், ஐரோப்பாவின் நடுவே ஜெர்மானிய மன்னர்கள் அடித்த வெள்ளிக் காசுக்கும் என்ன சம்பந்தம் என்று நண்பர்கள் வினவலாம். சம்பந்தம் உண்டு. அதனை விளக்கி, அதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடத்தை எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தாலர் பிறந்த பள்ளத்தாக்கு

பொஹீமியாவின் மலைப்பகுதியில் யோவாகிம்ஸ்தால் என்றோர் இடம் உண்டு. ‘தால்’ என்பதற்கு ஜெர்மன் மொழியில் பள்ளத்தாக்கு என்று பொருள். 1516-ம் வருஷத்தில் அங்கே ஏராளமான வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது. அந்நிலத்துக்கு உடையவர்களான ஷ்லிக் பிரபுக்கள், 1520-ம் வருஷத்தையொட்டிப் பெரிய வெள்ளிக் காசுகளை அடிக்கத் தொடங்கினர். ‘யோவாகிம்ஸ்தாலர்’ என்ற நீண்ட பெயர் ஜனங்களின் வாயில் ‘தாலர்’ என்று குறுகிற்று. ஒல்லாந்தரிடையே அது ‘டாலர்’ ஆயிற்று. இன்று உலகத்தை ஆட்டிவைக்கும் அமெரிக்க டாலர், அந்தப் பள்ளத்தாக்கின் பெயரையே சுமந்து நிற்கிறது.

அக்காலத்தில் ஜெர்மனி ஒரு தேசமாக இல்லை. புனித ரோமப் பேரரசு என்ற பெயரின் கீழ் நூற்றுக்கணக்கான சமஸ்தானங்களும், சுதந்திர நகரங்களும், பாதிரியார்களின் ஆட்சிப் பகுதிகளும் இருந்தன. அவற்றில் பல, சொந்தமாகக் காசு அடிக்கும் உரிமை பெற்றிருந்தன. குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு, 1566-ம் வருஷத்தில் ஆக்ஸ்பர்க் நகரில் கூடிய பேரரசுச் சபை, சுமார் 26 கிராம் சுத்த வெள்ளி கொண்ட தாலரே எங்கும் அளவுகோலாகும் என்று விதித்தது. விதித்ததோடு சரி, அதனைக் காவல் புரிய வலிமை கொண்ட அதிகாரம் மத்தியில் இல்லை.

செம்பு கலந்த பிரபுக்கள்

1618-ம் வருஷத்தில் முப்பதாண்டு யுத்தம் மூண்டது. படைக்குச் சம்பளம் வேண்டும், கஜானாவில் பணமில்லை. வரியை வெளிப்படையாக உயர்த்தினால் ஜனங்கள் கிளர்ந்தெழுவார்கள். ஆகவே, ஒரு சுலபமான மார்க்கத்தை மன்னர்கள் கண்டுபிடித்தார்கள். பெரிய தாலரில் கை வைத்தால் வியாபாரிகள் உடனே கண்டுகொள்வர். ஏழைகள் அன்றாடம் புழங்கும் சில்லறைக் காசில் வெள்ளியைக் குறைத்துச் செம்பைக் கூட்டினால், சில காலம் ஒருவருக்கும் தெரியாது. புதிது புதிதாக அக்கசாலைகள் தோன்றின. அவை குத்தகைக்கு விடப்பட்டன. குத்தகைதாரரின் ஆட்கள், மட்டக் காசை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அடுத்த சமஸ்தானத்துக்குப் போய், அங்கே நல்ல காசை வாங்கிவந்து உருக்கினார்கள். ஏமாந்த சமஸ்தானம் என்ன செய்யும்? தானும் அதைவிட மட்டமான காசை அடித்து, அதற்கடுத்த சமஸ்தானத்தின் தலையில் கட்டிற்று.

பேரரசர் இரண்டாம் பெர்டினாண்டே இதில் இறங்கினார். 1622-ம் வருஷத்தில் பொஹீமியா, மொரேவியா, கீழ் ஆஸ்திரியா ஆகிய பிரதேசங்களின் அக்கசாலைகளை, 60 லட்சம் குல்டனுக்கு ஒரு வருஷக் குத்தகையாக ஒரு கூட்டத்தாரிடம் ஒப்புவித்தார். பிற்காலத்தில் பெரும் படைத்தலைவராக விளங்கிய வாலன்ஸ்டைன் அக்கூட்டத்தாரில் ஒருவர். 1618-ல் ஏறத்தாழ 90 கிராய்ட்சர் சில்லறைக்கு ஈடாயிருந்த ஒரு தாலர், 1622-ல் ஆக்ஸ்பர்க் நகரில் 600 கிராய்ட்சருக்கு ஏறிற்று. தாலர் வளரவில்லை, கிராய்ட்சர் தேய்ந்துவிட்டது. கூலிக்காரனும், உபாத்தியாயரும், உபகாரச் சம்பளம் பெறும் கைம்பெண்ணும் முன்பு வாங்கிய அதே எண்ணிக்கைக் காசையே வாங்கினர். ரொட்டியோ பல மடங்கு விலையேறிற்று. மாக்டெபர்க் போன்ற நகரங்களில் கலகம் மூண்டது. 1623-ல் மன்னர்கள் பழைய அளவுக்குத் திரும்பினார்கள். ஏன்? ஜனங்களிடம் இரக்கம் பிறந்ததாலன்று. தாங்கள் அடித்த மட்டக் காசே வரியாகத் தங்கள் கஜானாவுக்குத் திரும்பி வரத் தொடங்கியதால்தான்.

இச்சரித்திரத்தில் நாம் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றே. நாணயத்தின் அளவு குறையும்போது லாபமடைபவன், அதை முதலில் கையாள்பவன். நஷ்டமடைபவன், கடைசியில் கையில் வாங்குபவன். கூலிக்காரன் எப்போதும் கடைசியில்தான் நிற்கிறான்.

தென்பாண்டிச் சீமையின் காசுகள்

நமது நாட்டிலும் இவ்வித நாணயப் பன்மை இருந்ததுண்டு. சென்னையில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். 1818-ம் வருஷத்தில்தான் சென்னை மாகாணத்தில் வெள்ளி ரூபாய் பிரதான நாணயமாக்கப்பட்டது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் என்று கணக்கு வகுத்தனர். 1835-ம் வருஷச் சட்டம், கும்பினியாரின் இந்தியா முழுவதற்கும் ஒரே ரூபாயை ஏற்படுத்திற்று. அதன் எடை ஒரு தோலா. அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு சுத்த வெள்ளி.

அப்பொழுதும் கடையநல்லூரான், ஒரு நாள் நடைக்குள் நாணய எல்லையைக் கடக்க வேண்டியிருந்தது. அருகேயுள்ள செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அங்கே 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். ஆக, திருவிதாங்கூர் ரூபாய்க்கு 28 சக்கரம். பிரிட்டிஷ் ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம். வெள்ளிச் சக்கரம் மிகச் சிறியது. குழிகள் செதுக்கிய மரப்பலகையில் வாரி இறைத்து, குழிக்கு ஒன்றாக நின்றதைக் கொண்டே அதனை எண்ணுவார்கள். சந்தைக்குப் போய்த் துணி விற்று வருபவன், இந்த அரைச் சக்கரக் கணக்கில் எத்தனை முறை வட்டம் கொடுத்திருப்பான்! ஜெர்மானிய சமஸ்தானங்களின் எல்லைச் சாவடிகளில் நடந்ததும் இதுவே. செங்கோட்டை 1956-ம் வருஷம் நவம்பர் மாதம் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது.

‘தாலர்’ என்னும் பெயரும் தமிழருக்குப் புதிதன்று. 1658-ல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், தென்பாண்டித் துணியைக் கப்பலேற்றினர். ஈடாகப் பொன்னும் வெள்ளியும் கொண்டுவந்தனர். அவர்கள் ஆண்ட இலங்கையில் கணக்கு நாணயம் ரிக்ஸ் டாலர். அஃதாவது பேரரசுத் தாலரின் ஒல்லாந்துப் பெயர். பிரிட்டிஷார் வந்த பின்னும் அப்பெயர் நிலைத்தது. 1821-ம் வருஷத்தில்கூட அங்கே அப்பெயரால் வெள்ளிக்காசு அடிக்கப்பட்டது.

பெர்லினில் சட்டம், பாரதத்தில் நஷ்டம்

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். 1871-ல் பிரான்ஸை வென்று ஜெர்மானிய சமஸ்தானங்கள் ஒரே சாம்ராஜ்யமாயின. தோற்ற பிரான்ஸ், 500 கோடி பிராங்க் தண்டம் இறுத்தது. அச்செல்வத்தைத் துணையாகக் கொண்டு ஜெர்மனி வெள்ளியைக் கைவிட்டது. 500 கிராம் சுத்த வெள்ளிக்கு 30 வீதம் அடிக்கப்பட்டிருந்த தாலர்களுக்குப் பதிலாக, 1873-ம் வருஷச் சட்டத்தின்படி தங்க மார்க் நாணயம் வந்தது. பழைய வெள்ளி உருக்கப்பட்டுச் சந்தைக்கு வந்தது. 1879 வரை அவ்விற்பனை நடந்தது. பிரான்ஸ் முதலிய தேசங்களும் வெள்ளிக்குத் தங்கள் அக்கசாலைக் கதவை அடைத்தன. அமெரிக்காவிலோ புதிய சுரங்கங்கள் வெள்ளியைக் கக்கிக்கொண்டிருந்தன. லண்டனில் அவுன்ஸ் 60 பென்னி விற்ற வெள்ளி, 1893-க்குள் 36 பென்னிக்கு அருகே இறங்கிற்று. அத்துடன், ஏறத்தாழ 2 ஷில்லிங் பெற்ற நம் ரூபாயும் 1 ஷில்லிங் 3 பென்னிக்கும் கீழே சரிந்தது.

விலை இறங்கிய ரூபாயினால் நம் குடியானவனுக்கு உடனே கேடு விளைந்ததா? இல்லை. அவன் ரூபாயில் விற்றான், ரூபாயில் வாங்கினான். கேடு விளைந்தது இந்தியா சர்க்காருக்கு. ஏனெனில் அது வருஷந்தோறும் ‘உள்நாட்டுச் செலவு’ என்ற பெயரால் லண்டனுக்குப் பவுனில் கப்பம் கட்டி வந்தது. 1892–93-ல் அத்தொகை சுமார் 1 கோடியே 65 லட்சம் பவுன். அதற்கு 26 கோடியே 47 லட்சம் ரூபாய் வேண்டியிருந்தது. 1873–74-ம் வருஷத்து விகிதம் இருந்திருப்பின் 17 கோடியே 75 லட்சம் ரூபாயே போதும். 8 கோடியே 72 லட்சம் ரூபாய் அதிகப் பாரம்!

பாரத்தைக் குறைக்க இரு வழிகள் இருந்தன. லண்டன் செலவைச் சுருக்குவது ஒன்று. ரூபாயைச் செயற்கையாக உயர்த்துவது மற்றொன்று. முதல் வழியில் நஷ்டமடைபவர்கள் ஆங்கிலேயர்கள். ஆகவே இரண்டாவது வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

அக்கசாலையின் கதவு

1893-ம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதி, இந்திய அக்கசாலைகள் ஜனங்களின் வெள்ளிக்கு மூடப்பட்டன. அதற்கு முன் எவரும் வெள்ளியைக் கொண்டுபோய், சிறு கூலி கொடுத்து ரூபாயாக அடித்துக்கொள்ளலாம். ஆதலால் நகை வெள்ளிக்கும் ரூபாய்க்கும் மதிப்பில் அதிக வேற்றுமை இல்லை. கதவு மூடியதும் ரூபாய் அரிதாயிற்று. 1899-ல் 1 ஷில்லிங் 4 பென்னி என்ற விகிதம் நிலைநாட்டப்பட்டது. அந்த 16 பென்னி ரூபாய்க்குள்ளிருந்த வெள்ளியோ, அன்றைய விலையில் 10 பென்னிக்குச் சற்று அதிகமாகவே பெற்றது.

இதன் விளைவைக் கிராமத்தில் காண வேண்டும். நம் பெண்மக்களின் காப்பும் தண்டையும் கொலுசுமே ஏழைக் குடும்பத்தின் பாங்கியாக இருந்தன. 60 ரூபாயை உருக்கிச் செய்த நகை, சட்டத்துக்கு முன் ஏறக்குறைய 60 ரூபாய். சட்டத்துக்குப் பின் சுமார் 40 ரூபாய். 1896–97-லும், 1899–1900-லும் பாரத தேசத்தைப் பெரும் பஞ்சங்கள் வாட்டியபோது, நகையை விற்றுத் தானியம் வாங்கப் புறப்பட்டவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு முன்னமே பறிபோயிருந்தது. எவனும் வீடு புகுந்து திருடவில்லை. சிம்லாவில் ஒரு சட்டம் நிறைவேறிற்று, அவ்வளவே. ரூபாயைச் செயற்கையாக அரிதாக்குவது மறைமுகமாக வரியை உயர்த்துவதேயாகும் என்று தாதாபாய் நௌரோஜி அன்றே வாதாடினார். கிஸ்தி ரூபாயின் எண்ணிக்கை மாறவில்லை. அந்த ரூபாயைப் பெறக் குடியானவன் விற்க வேண்டிய நெல்லே அதிகமாயிற்று.

ஜெர்மானிய மன்னர்கள் வெள்ளியில் செம்பைக் கலந்து லாபம் பார்த்தனர். நமது அந்நிய சர்க்கார், கலப்படமே செய்யாமல், 10 பென்னி வெள்ளியை 16 பென்னிக்கு விற்று லாபம் பார்த்தது. அந்த லாபமாவது இந்நாட்டில் தங்கிற்றா? ‘தங்க நாணய நிதி’ என்ற பெயரில் பெரும்பகுதி லண்டனில் பிரிட்டிஷ் கடன் பத்திரங்களாக முடங்கிற்று. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனிக்காக, 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகளில் 10 லட்சம் ரூபாய் சேர்க்க வ. உ. சிதம்பரம் பிள்ளை ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்தார். அதே சமயத்தில் நம் ஜனங்களின் பல கோடி ரூபாய், நமது தொழிலுக்கு உதவாமல் லண்டன் சந்தைக்கு உதவிக்கொண்டிருந்தது.

கடையநல்லூரும் ‘வெள்ளி’யும்

மில் துணியின் போட்டியால் தறி நலிந்த காலத்தில், கடையநல்லூர் முஸ்லிம் நெசவாளர்களில் பலர் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினர். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் பகுதியில் அவர்கள் ஒரு சமூகமாகவே குடியேறினர். மலேயாத் தமிழர் அந்நாட்டு டாலரை ‘வெள்ளி’ என்றே அழைத்தனர். சிங்கப்பூரில் இன்றும் அதுவே அந்நாணயத்தின் தமிழ்ப் பெயர். ஸ்பானிய டாலரும் மெக்ஸிகோ டாலரும் அக்கடல்களில் வழங்கிய காலத்தின் தடம் அது. யோவாகிம்ஸ்தால் பள்ளத்தாக்கின் பேரப்பிள்ளை, தமிழன் வாயில் மீண்டும் தன் உலோகத்தின் பெயரையே பெற்றது.

1906-ல் நீரிணைக் குடியேற்ற டாலர் 2 ஷில்லிங் 4 பென்னி, அஃதாவது 28 பென்னி என்று நிலைநிறுத்தப்பட்டது. ரூபாய் 16 பென்னி. எனவே 100 வெள்ளி அனுப்பினால், அனுப்பும் கூலி நீங்கலாக, ஊரில் 175 ரூபாய். பிறகு 1926-ல் ஹில்டன் யங் கமிஷன், ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்னி என்று சிபாரிசு செய்தது. கமிஷனில் இருந்த ஸர் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸ், 1 ஷில்லிங் 4 பென்னியே நியாயமென்று தனியே மறுப்பெழுதினார். தேசிய வாதிகள் போராடினர். ஆயினும் 1927-ல் 18 பென்னி சட்டமாயிற்று. அன்று முதல் அதே 100 வெள்ளிக்கு ஊரில் கிடைத்தது 155 ரூபாய் 9 அணா. சிங்கப்பூரில் மூட்டை சுமந்தவனின் வியர்வை குறையவில்லை. வீட்டுக்கு வந்ததில் 19 ரூபாய் 7 அணா குறைந்துவிட்டது.

நெசவாளி வாங்கும் அந்நிய நூலும் இதனால் மலியுமே என்று சர்க்கார் தரப்பினர் கூறலாம். உண்மைதான். ஆனால் நூலுக்கு எவ்வளவு மலிவோ, அவன் துணியோடு போட்டியிடும் லங்காஷயர்த் துணிக்கும் அவ்வளவு மலிவு. நூலில் கிடைத்த லாபத்தைத் துணியில் தோற்றான். கடல் கடந்து வந்த பணத்திலும் தோற்றான். ‘பதினாறா, பதினெட்டா’ என்ற விவாதம் பம்பாய் மில் முதலாளிகளின் சண்டை என்று எண்ணியவர்கள், அது கடையநல்லூர் அடுப்பங்கரை வரையில் எட்டியதை உணரவில்லை.

காகிதத்தின் காலம்

பின்னும் கொடிய காலம் வந்தது. 1942-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 15-ந் தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊருக்குப் பணம் அனுப்பும் வழி அடைபட்டது. ஜப்பானியர் அச்சிட்ட, வாழைமரப் படம் போட்ட நோட்டுக்கள் குவிந்தன. 1945-ல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை வெறுங்காகிதமாயின. மூன்றரை வருஷத்து உழைப்பின் சேமிப்பு, ஒரே நாளில் அடுப்பெரிக்கும் பொருளாயிற்று.

இங்கேயும் நிலைமை நன்றாயில்லை. 1940-ல் ரூபாயின் வெள்ளி பாதியாகக் குறைக்கப்பட்டது. பழைய நல்ல ரூபாய்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லாதனவாக்கப்பட்டுத் திரும்பப் பெறப்பட்டன. பிரிட்டனின் யுத்தச் செலவுக்கு இந்தியாவில் நோட்டு அச்சடித்து, அதற்கு ஈடாக லண்டனில் கடன் சீட்டு எழுதி வைத்தனர். 1939-ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம், 1945-ல் 1,100 கோடியைத் தாண்டிற்று. 1943-ல் வங்காளத்தில் லட்சோபலட்சம் ஜனங்கள் பட்டினியால் மடிந்ததற்கு, இந்த விலை வீக்கமும் ஒரு காரணமாகும். 1622-ல் செம்பு செய்த வேலையை 1943-ல் காகிதம் செய்தது. 1947-ல் வெளிவந்த ரூபாயில் வெள்ளியே இல்லை; அது நிக்கல்.

நமது கடமை

வெள்ளி நாணயம் மீண்டும் வர வேண்டுமென்று நாம் கூறவில்லை. அது வராது, வரவும் வேண்டியதில்லை. வெள்ளி இருந்த காலத்திலேயே மோசடி நடந்ததை மேலே கண்டோம். உலோகம் ஜனங்களைக் காப்பாற்றவில்லை, மேற்பார்வையே காப்பாற்றும். ஜெர்மனியில் மன்னர்களைக் கேட்பார் இல்லை. 1893-ல் சிம்லாவில் நம்மைக் கேட்பார் இல்லை. 1927-ல் கேட்டோம், கேட்டும், அதிகாரம் நம்மிடம் இல்லை.

இன்று அக்கசாலை நம்முடையது. நம் கையிலுள்ள ரூபாய்க் காசு துருப்பிடிக்காத எஃகு, நோட்டு காகிதம். அவற்றின் மதிப்பு முழுவதும் சர்க்காரின் வாக்கு ஒன்றிலேயே தங்கியிருக்கிறது. வெள்ளி ரூபாயை உரைத்துப் பார்க்கலாம், சுண்டிப் பார்க்கலாம், நிறுத்துப் பார்க்கலாம். வாக்கை நிறுத்துப் பார்க்கத் தராசு எது? சட்டசபையும், பத்திரிகையும், விழிப்புள்ள ஜனங்களுமே அத்தராசு. விலையேற்றம் ஆண்டுக்கு 4 சதவிகிதத்தையொட்டி இருக்க வேண்டுமென்று 2016-ல் நம் சர்க்கார் ரிஸர்வ் பாங்கிக்கு இலக்கு விதித்தது. இது 1566-ல் ஆக்ஸ்பர்க் சபை விதித்த அளவுகோலைப் போன்றது. விதிப்பது எளிது, காவல் புரிவதே அரிது.

ஆகவே தேசத் தொண்டில் ஈடுபட்டோருக்கு நாம் கூறுவது இது: நாணய விஷயம் நிபுணர்களுக்கே உரியதென்று ஒதுங்கி நிற்காதீர்கள். அந்த ஒதுக்கத்தில்தான் 1893 நிகழ்ந்தது. செலாவணி விகிதம் மாறினாலும், நோட்டு பெருகினாலும், பழைய பணம் செல்லாதென அறிவிக்கப்பட்டாலும், ஒரே கேள்வியைக் கேளுங்கள்: ஒரு பாவு நெய்து முடித்த தறிக்காரன் வாங்கும் கூலிக்கு, நேற்று எத்தனை படி அரிசி, இன்று எத்தனை படி? கணக்கு அங்கே சரியாயிருந்தால் சர்க்கார் நாணயமுள்ள சர்க்கார். அங்கே குறைந்தால், காசின் மீதுள்ள சிங்க முத்திரை எவ்வளவு அழகாயிருப்பினும், கணக்குக் கேட்பது குடிமக்களின் உரிமை. கேளாதிருப்பது கடமை தவறுதல்.